செல்லைச் சுடும் தீப்பொறி!

நறுக்கிய வாழைக்காயை ஏன் தண்ணீரில் போடுகிறீர்கள்? போடாவிட்டால் கறுத்துவிடும். காற்றிலுள்ள ஆக்ஸிஜன் செய்கிற வேலை அது. கறுத்த பிறகு கழுவிப் பிரயோஜனமில்லை. முன்கூட்டியே காற்றுப் படாமல் பார்த்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

நம் உடம்பிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஆக்ஸிஜன் துணையோடு உணவை எரித்துத்தான் செல்கள் சக்தி எடுக்கின்றன. அப்போது அடுப்பிலிருந்து தெறிக்கும் தீப்பொறி மாதிரி 'ஃப்ரீ ராடிக்கல்கள்' கிளம்பும். அளவோடு இருந்தால் உடம்பே அணைத்துவிடும். அளவு மீறினால் ரத்தக்குழாய், கண் லென்ஸ், மரபணு என்று ஒன்றையும் விட்டுவைக்காது. இதைத்தான் டாக்டர்கள் 'ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்' என்கிறார்கள்.

"அதற்குத்தான் ஆன்டி ஆக்ஸிடென்ட் மாத்திரை இருக்கிறதே!" என்பீர்கள். அவசரப்படாதீங்க. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு தினமும் பீட்டா கரோட்டின் கொடுத்தார்கள். 1994-ல் முடிவு வெளியானபோது அதிர்ச்சி! அதைச் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவிகிதம் கூடியிருந்தது!

ஆகவே, பொறி கிளம்பும் இடத்தைக் கவனியுங்கள்.

புகை: சிகரெட்டின் ஒவ்வொரு இழுப்பிலும் ஃப்ரீ ராடிக்கல்கள் கோடிக்கணக்கில் உள்ளே போகின்றன. பக்கத்திலிருக்கும் மனைவி, குழந்தைகளுக்கும் அதில் பங்கு உண்டு.

எண்ணெய்: அப்பளம் பொரித்த எண்ணெயிலேயே மறுநாள் வடை, அதற்கடுத்த நாள் பூரி... கொட்ட மனசு வராது, வாஸ்தவம்தான். ஆனால் திரும்பத் திரும்பக் காயும் எண்ணெய் கெட்டுப்போகிறது. கடைகள், ஹோட்டல்களுக்கு 2018-லேயே வரம்பு வந்துவிட்டது: கெட்டுப்போன பொருட்களின் அளவு 25 சதவிகிதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக்கூடாது. வீட்டில் அளந்து பார்க்க முடியாதே? சின்ன வாணலியில் கொஞ்சமாக ஊற்றிப் பொரியுங்கள். மிச்சத்தை வடிகட்டி, இரண்டு நாளுக்குள் தாளிக்கப் பயன்படுத்திவிடுங்கள். கறுத்தாலோ, நுரைத்தாலோ, பிசுபிசுத்தாலோ கொட்டிவிட வேண்டியதுதான். அதன் தலையில் புது எண்ணெயை ஊற்றாதீர்கள்.

சர்க்கரை: ரத்தத்தில் சர்க்கரை ஏறியே இருந்தால் பொறிகளும் பெருகும். தினம் அரை மணி நேரம் நடங்கள்.

தூக்கம்: டி.வி.யோ செல்போனோ, இரவு பத்து மணிக்கு மேல் அதற்கும் ஓய்வு கொடுங்கள்.

கூடவே நெல்லிக்காய், கொய்யா, முருங்கைக்கீரை என்று சாப்பாட்டில் சேருங்கள். டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரைகளை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். நீங்களாகக் கடையில் வாங்கும் ஆன்டி ஆக்ஸிடென்ட் டப்பாவைத்தான் யோசிக்கச் சொல்கிறோம். அந்தக் காசுக்கு நல்ல எண்ணெயும் நாலு நெல்லிக்காயும் வாங்கலாமே!