அளவை மாறினும் பொருள் மாறாது

நெல்லை அளந்து விற்கின்றோம்; துணியை அளந்து வெட்டுகின்றோம்; மருந்தை அளந்து உண்கின்றோம். அளவையின்றி உலக வாழ்வு ஒருநாளும் நடவாது. ஒரு பொருளின் அளவைச் சிற்றளவையாலும் கூறலாம், பேரளவையாலும் கூறலாம். ஒன்றனை மற்றொன்றாகப் பிழையின்றி மாற்றுதலே அளவை மாற்றம் எனப்படும். அதன் இயல்பினை இப்பாடத்திற் காண்போம்.

நம் முன்னோர் வழங்கிய முகத்தலளவை வாய்பாட்டை முதலில் நோக்குவோம். இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. மூன்று தூணி ஒரு கலம். ஓரிடத்தில் இரண்டு, ஓரிடத்தில் எட்டு, மற்றோரிடத்தில் மூன்று எனப் பெருக்கும் எண் மாறி மாறி வருகின்றது. ஒரு கலத்தில் 96 நாழி உண்டு என்பதனை, வாய்பாட்டை நெட்டுருச் செய்தவரே உடன் கூறவல்லர். அன்றியும், ஒரே பெயருடைய அளவு ஊருக்கு ஊர் வேறுபட்டது.

பிரான்சு நாட்டு மக்களும் இத்தகைய இடர்ப்பாட்டினை உற்றிருந்தனர். அதனை நீக்கும் பொருட்டு, 1795ஆம் ஆண்டில் அந்நாட்டார் மெட்ரிக் அளவை முறையைச் சட்டமாக்கினர். வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தொலைவில் ஒரு கோடியில் ஒரு பங்கு ஒரு மீட்டர் என வகுத்தனர். நம் நாடு 1956ஆம் ஆண்டில் இம்முறைக்குச் சட்டம் இயற்றியது. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் முதல், பதினாறு அணாவாயிருந்த ரூபாய் நூறு காசாயிற்று. பின்னர் எடையும் நீளமும் பிறவும் படிப்படியாகப் புதுமுறைக்கு மாறின.

இம்முறையின் சிறப்பு யாது? இதிற் பெருக்கும் எண் பத்து ஒன்றே. கிலோ, எக்டோ, டெக்கா என்பன அடிப்படை அளவைக்கு மேலுள்ள படிகள். டெசி, சென்டி, மில்லி என்பன கீழுள்ள படிகள். ஒரு படி இறங்கினால் எண்ணைப் பத்தால் பெருக்குக. ஒரு படி ஏறினால் பத்தால் வகுக்க. தசமப்புள்ளியை வலப்புறமோ இடப்புறமோ ஓரிடம் நகர்த்துதலே இவ்வேலையைச் செய்துவிடும். 2.75 கிலோகிராம் என்பது மூன்று படி இறங்கி 2,750 கிராம் ஆகும். 450 மில்லிலிட்டர் என்பது மூன்று படி ஏறி 0.45 லிட்டர் ஆகும். அளவை முறை பிரான்சு தந்தது. அதனை எளிதாக்கும் எண்ணின் இடமதிப்போ நம் பாரத நாடு உலகிற்கு வழங்கிய கொடையாகும்.

எனினும், விதியை மட்டும் மனப்பாடம் செய்தவர் இடர்ப்படுவர். என் பெயரன் நான்காம் வகுப்பிற் பயில்கின்றான். ஒருநாள் அவன், ‘5 மீட்டர் = 0.05 சென்டிமீட்டர்’ என்று எழுதியிருந்தான். பெருக்க வேண்டியதனை வகுத்துவிட்டான். நான் அதனைத் திருத்தவில்லை. முற்றத்திற் கட்டியிருந்த கொடிக்கயிற்றைக் காட்டி, “இதன் நீளம் 5 மீட்டர். உன் விடை மெய்யாயின் இஃது எவ்வளவு இருத்தல் வேண்டும்? உன் அளவுகோலிற் காட்டு” என்றேன். அவன் அளவுகோலை உற்று நோக்கினான். “அரை மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும், தாத்தா! எறும்புகூட இதைவிடப் பெரிதாயிற்றே!” என்று நகைத்தான். தானே 500 எனத் திருத்திக்கொண்டான்.

“முன்பு 5; இப்பொழுது 500. கயிறு நீண்டுவிட்டதா?” என்று வினவினேன். “இல்லை, தாத்தா. கயிறு அப்படியே இருக்கிறது. அளக்கும் கோல் சிறிதாயிற்று, அதனால் எண் பெரிதாயிற்று” என்றான். அளவை மாற்றத்தின் உயிர்நிலை இவ்விடையில் அடங்கியுள்ளது. பெருங்குடத்தால் நான்கு முறை ஊற்றி நிரப்பும் தொட்டியைச் சிறுகுவளையால் நிரப்பப் பன்முறை ஊற்ற வேண்டுமன்றோ? அளவை சிறுத்தால் எண் பெருகும், அளவை பெருத்தால் எண் சுருங்கும், பொருளோ மாறாது.

எண்ணை மட்டும் நோக்கி, அதற்குரிய அளவையை மறத்தல் பெருந்தீங்கு விளைக்கும். 1983ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் கனடா நாட்டில் ஒரு விமானம் 69 பேருடன் வானிற் பறந்துகொண்டிருந்தது. அந்நாடு அக்காலத்திற் பவுண்டு எடையினின்று கிலோகிராம் எடைக்கு மாறிக்கொண்டிருந்தது. பயணத்திற்கு 22,300 கிலோகிராம் எரிபொருள் வேண்டும். ஒரு லிட்டர் எரிபொருள் ஏறத்தாழ 0.8 கிலோகிராம் எடையுள்ளது. கணக்கிட்டவரோ 1.77 என்னும் எண்ணைக் கொண்டனர். அஃது ஒரு லிட்டரின் எடையைப் பவுண்டிற் குறிப்பது. ஆகவே, வேண்டிய எரிபொருளிற் பாதியும் விமானத்தில் இல்லை. நடுவானில் இரு பொறிகளும் நின்றன. விமானிகள் மனந்தளராது, கிம்லி என்னும் ஊரிலிருந்த பழைய விமானத்தளத்தில் அதனைச் சறுக்கி இறக்கினர். சிலர் சிறுகாயமுற்றனர், உயிரிழந்தார் ஒருவருமிலர். பெருக்கலும் வகுத்தலும் அறியாதவரல்லர் அவர். அவ்வெண் எந்த அளவைக்குரியது என்று ஒருகணம் வினவாமையே பிழையாயிற்று.

மருந்து கொடுக்குமிடத்தும் இவ்விழிப்பு இன்றியமையாதது. தசமப்புள்ளி ஓரிடம் பிறழின், மருந்து பத்து மடங்காகிவிடும்.

மாணவர்களே! எண்ணை எழுதுந்தோறும் அதன் அளவையின் பெயரையும் உடன் எழுதுங்கள். மாற்றத் தொடங்குமுன், விடை பெருகுமா சுருங்குமா என எண்ணிப் பாருங்கள். விடை கண்டபின், அது நடைமுறைக்குப் பொருந்துமா என ஆராயுங்கள். உங்கள் தம்பி தங்கையர்க்குக் கற்பிக்கும்பொழுது, விதியினை உரைக்குமுன் ஒரு கயிற்றையும் அளவுகோலையும் அவர்தம் கையிற் கொடுங்கள். கையால் அளந்தறிந்த உண்மை நெஞ்சை விட்டு நீங்காது.