கர்ப்பகால இரத்தசோகையும் அயச்சத்து மாத்திரையும்

கர்ப்பமுற்ற பெண்ணொருத்திக்குப் பிரசவம் முடியும்வரை ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் இரும்பு அதிகப்படியாகத் தேவைப்படுகிறது. இதில் ஒரு பகுதி சிசுவுக்கும் நஞ்சுக்கொடிக்கும் செல்கிறது. பெரும் பகுதி தாயின் உடலில் புதிதாக உண்டாகும் சிவப்பணுக்களுக்குச் செலவாகிறது. தானியங்களையும் பருப்பு வகைகளையும் முதன்மையாகக் கொண்ட உணவிலிருந்து உடல் கிரகிக்கும் இரும்பு சொற்பமே. ஆதலால் உணவொன்றைக் கொண்டே இக்குறையை நிரப்பிவிடலாம் என்று கருதுவது பொருந்தாது. 2019–21 ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வில், நம் நாட்டுக் கர்ப்பிணிகளுள் 52 சதவீதத்தினர் இரத்தசோகை உடையவராகக் காணப்பட்டனர்.

இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 11 கிராமுக்குக் குறைவாக ஹீமோகுளோபின் இருப்பின் அது கர்ப்பகால இரத்தசோகையாகும். 7 கிராமுக்குக் கீழ் எனில் கடுமையானது. நல்ல உடல்நிலையுள்ள தாய் பிரசவத்தில் அரை லிட்டர் இரத்தத்தை இழந்தாலும் பெரும்பாலும் தேறிவிடுகிறாள். கடுமையான சோகையுற்றவளுக்கோ அவ்விழப்பே உயிருக்கு ஆபத்தாக முடியலாம்.

நான்காம் மாதம் முதற்கொண்டு ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் நாள்தோறும் ஒரு மாத்திரை வீதம் 180 நாட்களுக்கும், பிரசவத்திற்குப் பின் மேலும் 180 நாட்களுக்கும் அளிக்கப்படுகிறது. ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் உள்ளன. இரண்டாவது சத்தின் வரலாறு நம் நாட்டோடு தொடர்புடையது. 1928-இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அறிஞர், கர்ப்பிணிகளின் ஒருவகைச் சோகை ஈஸ்ட் சாற்றினால் குணமாவதைக் கண்டு 1931-இல் வெளியிட்டார். அச்சாற்றிலிருந்த பொருளே பின்னர் போலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது.

சோகை 7 முதல் 10.9 கிராம் வரை இருப்பின் நாளொன்றுக்கு இரு மாத்திரைகள் தரப்படும். எனினும் வழங்கப்பட்ட மாத்திரையெல்லாம் உண்ணப்பட்ட மாத்திரையன்று. குமட்டலும், மலம் கறுத்துப் போவதைக் கண்டு எழும் அச்சமும், சிசு பெரிதாகிப் பிரசவம் கடினமாகும் என்ற தவறான எண்ணமும் பல பெண்களை ஓரிரு வாரங்களிலேயே நிறுத்தச் செய்கின்றன. மலம் கறுப்பது தீங்கற்றது என்பதை முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னர் சொல்வதால் பயன் குறைவு. குமட்டுபவர் இரவில் உறங்கப்போகும் முன் உண்ணலாம். "மாத்திரை சாப்பிடுகிறீர்களா அம்மா?" என்று வினவினால் "ஆம்" என்ற விடையே வரும். பட்டையை வாங்கி மீதமுள்ளவற்றை எண்ணிப் பார்ப்பதே தக்க முறை.

தேநீர், காப்பி, பால், சுண்ணாம்புச் சத்து மாத்திரை ஆகியவற்றோடு இதனை உட்கொள்ளலாகாது. மாத்திரையைத் தூளாக்கிப் பால் சேர்க்காத கடுந்தேநீரில் இட்டு வைத்தால் நீர் கறுத்துவிடும். தேநீரின் துவர்ப்புப் பொருள் இரும்பைப் பற்றிக்கொள்வதை ஆசிரியர்கள் இவ்வாறு வகுப்பில் காட்டலாம். எலுமிச்சையும் நெல்லிக்காயும் இரும்பு கிரகிக்கப்படுவதற்கு உதவுவன.

ஒரு மாதம் ஒழுங்காக உண்டும் ஹீமோகுளோபின் 1 கிராமேனும் உயராவிடில் மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். கொக்கிப்புழு, மலேரியா, பரம்பரை இரத்த நோய் போன்ற வேறு காரணங்கள் இருக்கக்கூடும். 7 கிராமுக்குக் கீழ்ப்பட்டோருக்கு இரும்பு மருந்தை நரம்பின் வழியே செலுத்த நேரிடலாம். அவர்கள் கடைசி மூன்று மாதங்களில் இருப்பின், அல்லது எம்மாதத்திலாயினும் அளவு 5 கிராமுக்குக் குறைந்திருப்பின், அன்றைய தினமே இரத்தம் ஏற்றும் வசதியுள்ள மருத்துவமனையில் சேர்க்கப்பட வேண்டும்.