பூஜ்யத்தையும் எழுதி வை

அன்புள்ள தம்பிக்கு,

ஜாஸ்பர் ரிட்ஜ் காப்பகத்தைப் பற்றி நீ எழுதிய கட்டுரையைப் படித்தேன். பிறகு கையில் பென்சிலோடு மறுபடியும் படித்தேன். ஸ்டான்ஃபோர்டுக்குப் படிக்கப் போனவன், அந்தக் காப்பகத்தின் வழிகாட்டிப் பயிற்சியையும் முடித்துவிட்டு வருகிறவர்களை உள்ளே கூட்டிக்கொண்டு நடக்கிறாய் என்பதில் சந்தோஷம். சிலிக்கான் வேலியில் வேலை பார்க்கும் நம் ஆட்கள் பலருக்குப் பக்கத்திலேயே இப்படி ஓர் இடம் இருப்பது தெரியாது. சூழலியலில் உனக்குப் பாடம் எடுக்கும் உத்தேசம் இல்லை. எரிச்சலை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முதல் வரியிலேயே "மனிதக் காலடி படாத புனித நிலம்" என்று எழுதியிருக்கிறாய். எந்த நிலத்தைச் சொல்கிறாய்? காப்பகத்துக்கு நடுவில் சியர்ஸ்வில் அணை நிற்கிறதே, 1892இல் கட்டியது, அது உன் கண்ணில் படவில்லையா? அந்த நீர்த்தேக்கத்தில் 1970கள் வரை ஜனங்கள் குடும்பம் குடும்பமாக வந்து நீச்சலடித்தார்கள், படகு விட்டார்கள். இப்போது பெரும்பாலும் வண்டல் மேவிக் கிடக்கிறது. அதற்கெல்லாம் முன்பே அந்த மண்ணின் பூர்வகுடிகளான ஒலோனி மக்கள் அந்தப் பக்கத்துப் புல்வெளிகளுக்குத் தீ வைத்துப் பராமரித்தவர்கள். காப்பகத்தின் பெயரிலேயே இப்போது அவர்கள் மொழிச் சொற்கள் சேர்ந்திருக்கின்றன. சரிவெங்கும் பொன்னிறமாக அலையடிக்கிறது என்று நீ உருகுகிற புல்லில் பெரும்பகுதி ஐரோப்பாவிலிருந்து வந்தேறியது. 1973இல் பல்கலைக்கழகம் உயிரியல் காப்பகம் என்று அறிவித்தது இவ்வளவும் பட்ட ஒரு நிலத்தைத்தான்.

புனிதம் என்று சொல்லிவிட்டால் அடுத்து வேலி போட்டுப் பூட்டச் சொல்வோம். பூட்டினால் என்ன ஆகும் என்பதற்கு உன் பட்டாம்பூச்சியே சாட்சி. பே செக்கர்ஸ்பாட் என்ற அந்தப் பட்டாம்பூச்சியின் புழு தின்பது பிளான்டாகோ எரெக்டா என்ற சின்னச் செடியை. நம் வீடுகளில் மலச்சிக்கலுக்குக் கரைத்துக் குடிக்கும் இசப்கோலுக்குச் சொந்தக்காரச் செடி அது. (உன் கட்டுரையில் இந்தச் செடியின் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. தீனிச்செடியைச் சொல்லாமல் பட்டாம்பூச்சியைப் பற்றி எழுதுகிறவர்களை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.) அது வளரும் செர்ப்பன்டைன் மண்ணில் நிக்கல் அதிகம், கால்சியம் குறைவு. வந்தேறிப் புல்லுக்கு அது ஒத்துவராது என்பதால்தான் இந்தச் செடி அங்கே தப்பிப் பிழைத்தது. ஆனால் சான் ஹோசேக்குத் தெற்கே உள்ள குன்றுகளில் சூழலியலாளர் ஸ்டூவர்ட் வைஸ் கண்டதைப் படித்திருப்பாய், 1999இல் வந்த கட்டுரை. கார்ப் புகையிலிருந்து காற்றில் கலந்த நைட்ரஜன் அந்த ஏழை மண்ணுக்கு உரமாக இறங்குகிறது. உரம் கிடைத்ததும் புல் ஏறி வந்து சின்னச் செடியை அமுக்கிவிடுகிறது. மாடு மேய்ந்த இடத்தில் புல் கட்டுக்குள் நின்றது, பட்டாம்பூச்சியும் நின்றது. இயற்கையைக் காப்பாற்றுகிறோம் என்று மாட்டை விரட்டிய இடத்தில் சில வருடங்களில் பட்டாம்பூச்சி போயிற்று. மாடு மேய்வதைப் பார்த்தாலே முகம் சுளிக்கும் நம்மூர்ப் பாதுகாப்பு ஆர்வலர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

அடுத்தது, என்னை உண்மையிலேயே கோபப்படுத்திய வரி: "ஒருநாள் அந்தப் பட்டாம்பூச்சிகள் காணாமல் போய்விட்டன." எந்த நாள் தம்பி?

உயிரியலாளர் பால் எர்லிக் 1960 வாக்கில் ஜாஸ்பர் ரிட்ஜ் சரிவில் இறங்கினார். மக்கள்தொகை பற்றி 1968இல் அவர் எழுதிய புத்தகத்தின்மேல் எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஆனால் பட்டாம்பூச்சி எண்ணிய எர்லிக் வேறு ஆள். வலையில் பிடித்து, இறக்கையில் பேனாவால் புள்ளி வைத்து, விட்டுவிட்டு, மறுபடி பிடிப்பது. வருடா வருடம் அதே வேலை. ஒரே கூட்டம் என்று நினைத்தது மூன்று கூட்டமாக இருந்தது அப்படித்தான் தெரிந்தது. சி, ஜி, எச் என்று பெயர் வைத்தார்கள். நடுவில் சுவரோ ஆறோ இல்லை, பறக்க இறக்கை இருக்கிறது, ஆனாலும் பெரும்பாலானவை தம் எல்லையைத் தாண்டவில்லை. ஜி கூட்டம் 1964இல் அற்றுப்போனது, 1966இல் திரும்பி முளைத்தது, 1974இல் மறுபடி போனது. சி கூட்டம் 1991இல் போயிற்று. கடைசியாக எச், 1998இல்.

நீ "ஒருநாள்" என்று ஒற்றைச் சொல்லில் தாண்டிப்போனது இந்த நாற்பது வருடத்தை. முட்டையிலிருந்து வந்த புழு, செடி காய்வதற்குள் போதிய அளவு வளர்ந்து கோடைத் தூக்கத்துக்குப் போயாக வேண்டும். மழையின் ஏற்ற இறக்கம் கூடினால் செடியின் காலமும் புழுவின் காலமும் பிசகும். 1971க்குப் பிறகு அந்த ஏற்ற இறக்கம் கூடியதையும் இந்தக் கூட்டங்கள் அழிந்ததையும் பொருத்திக் காட்டி 2002இல் கட்டுரை வந்தது. எண்ணிக்கை இல்லாவிட்டால் எதோடு எதைப் பொருத்துவது?

எனக்குப் பித்துப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு என்று என்னிடம் படித்தவர்கள் கேலி செய்வார்கள்: பூஜ்யம். வந்ததை எல்லோரும் எழுதுவார்கள். வராததை எழுதுகிறவன்தான் கணக்கெடுக்கிறவன். 1964இல் ஜி பகுதிக்குப் போய் ஒன்றையும் காணாமல், அதையும் தாளில் குறித்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவருக்குச் சிலை வைக்கலாம்.

எனக்கு இந்தப் பித்தை ஏற்றியது தாம்பரம். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937இல் அங்கே குடிபெயர்ந்தபோது, வேதியியல் பேராசிரியரான எட்வர்ட் பார்ன்ஸ் அந்தப் புதர்க்காட்டின்மேல் காதல் கொண்டு செடி செடியாகச் சேகரித்தார். செரோபீஜியா பார்ன்சீ என்ற கொடி இன்றும் அவர் பெயரைச் சுமக்கிறது. நான் அங்கே படிக்கப் போனபோது அவர் காலம் முடிந்து வெகுநாள் ஆகியிருந்தது. ஆனால் எங்கள் ஆசிரியர் ஒருவர் அதே பிடிவாதக்காரர். ஆடுதின்னாப்பாளைக் கொடி படர்ந்த ஒரு மண்மேட்டைக் காட்டி, வாரா வாரம் போய் இலையைத் திருப்பிப் பார்த்துப் பட்டாம்பூச்சியின் சிவப்பு முட்டைகளை எண்ணச் சொல்வார். சித்திரை வெயிலில் கொடி கருகிக் கிடக்கும். "ஒண்ணும் இல்ல சார்" என்றால், "அதை வாயால சொல்லாத, நோட்டுல எழுது" என்பார். பிற்பாடு நான் வேலை பார்த்த வேறொரு கல்லூரியில் என் மாணவர்களை வைத்து அதே மாதிரி ஒரு கணக்கைத் தொடங்கினேன். ஆய்வுக்குழு வருகிறது, வளாகம் 'நீட்'டாக இருக்க வேண்டும் என்று ஒரு விடுமுறையில் ஜேசிபி விட்டுப் புதரை வழித்துவிட்டார்கள். துறையை வெள்ளையடிக்கும்போது நோட்டுகளும் பழைய பேப்பருக்குப் போயின. புதர் மறுபடி தழைத்தது, ஆடுதின்னாப்பாளையும் வந்தது. நோட்டு வரவில்லை. ஜாஸ்பர் ரிட்ஜ் மேல் எனக்கு இருப்பது பக்தி இல்லை தம்பி, பொறாமை.

இவ்வளவு திட்டியபின் இதையும் சொல்லியாக வேண்டும். எறும்பைப் பற்றி நீ எழுதிய அந்த ஒரு பத்தி இருக்கிறதே, தமிழில் பூச்சிகளைப் பற்றி அப்படி ஒன்றை நான் படித்ததில்லை. கல்லைப் புரட்டியதும் அர்ஜென்டினா எறும்புகள் சூழ்ந்துகொள்வதும், உள்ளூர்க் குளிர்கால எறும்பு பின்வயிற்றைத் தூக்கி நுனியில் ஒரு துளியைக் கசியவிடுவதும், துளி பட்டவன் கால் மடங்கிச் சுருள்வதும்! நீ மண்ணில் குப்புறப் படுத்துப் பார்த்திருக்கிறாய், அது ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. அந்தத் துளியின் வேலையைக் கண்டுபிடித்தது இளநிலை வகுப்பு மாணவர்கள் என்பதையும், அது 2011இல் ஆய்வுக் கட்டுரையாக வந்ததையும் ஒரு வரியில் சேர்த்திருந்தால், உன் வயசுப் பிள்ளைகள் யாராவது அதைப் படித்துவிட்டுக் கல்லைப் புரட்டப் போயிருப்பார்கள்.

ஜாஸ்பர் ரிட்ஜில் 1993 முதல் நடக்கும் எறும்புக் கணக்கெடுப்பில் அடுத்த முறை நீயும் சேர்ந்துகொள். உனக்குக் கொடுக்கும் தாளை நிரப்பிக் கொடுப்பதற்கு முன் ஒரு நகல் எடுத்து எனக்கு அனுப்பு. எறும்பு இல்லாத இடங்களையும் சேர்த்துத்தான்.

அன்புடன்,
உன் ஆசிரியரின் ஆசிரியர்

பி.கு.: கட்டுரையோடு வந்த படத்தின் கீழே "அழிந்துபோன பே செக்கர்ஸ்பாட், ஜாஸ்பர் ரிட்ஜில் நான் எடுத்தது" என்று போட்டிருக்கிறது. 1998இல் அற்றுப்போனதை நீ எப்படிப் படமெடுத்தாய்? அது அதன் பங்காளி, செக்கர்ஸ்பாட்டிலேயே சால்சிடோனா என்கிற இனம். இறக்கையில் கறுப்பு தூக்கலாக இருக்கிறது பார். அது ஒட்டுப்பசை இலைகொண்ட மங்கிஃபிளவரைத் தின்று அங்கே இன்னமும் பிழைத்துக் கிடக்கிறது. இதழாசிரியருக்கு எழுதி அடுத்த இதழில் திருத்தம் போடச் சொல்.