சில வேளை சுழலும் இயந்திரம்

அடியோடு நின்றுவிட்ட இயந்திரத்தைப் பழுது பார்ப்பது எளிது. சில வேளை ஓடியும் சில வேளை நின்றும் போக்குக் காட்டும் இயந்திரமே நம்மைத் திணற வைப்பது. பழுது பார்ப்பவர் வரும்போது அது ஒழுங்காக ஓடும். அவர் படியிறங்கியதும் நின்றுவிடும். "எப்போது நிற்கிறது?" என்று அவர் கேட்டால், "சில வேளை" என்பதே நம் விடை. அந்தச் 'சில வேளை'க்குள் ஒளிந்திருப்பது என்ன என்பதை ஒரு சலவை இயந்திரத்தைக் கொண்டு ஆராய்வோம்.

என் பெற்றோர் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறி, இடுக்கி மாவட்டத்து வண்டன்மேட்டில் ஏலத்தோட்ட வேலைக்குக் குடியேறியவர்கள். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதன்று. தூரிலிருந்து கிளம்பித் தரையை ஒட்டி ஓடும் சரங்களில் காய்ப்பது. ஆகவே காய் எடுக்கும் பெண்கள் ஈரமண்ணில் குந்தியே வேலை செய்ய வேண்டும். மழைக்காலத்தில் அவர்கள் உடை நாள்தோறும் சேறாகும். துவைத்துப் போட்டாலோ வெயிலில்லாமல் இரண்டு நாளானாலும் உலராது. எனவே எங்கள் லயத்தில் சலவை இயந்திரம் ஆடம்பரப் பொருளன்று. துவைக்கும் தொட்டியைக் காட்டிலும் நீரைப் பிழியும் தொட்டியே அங்கு முக்கியம். அது நின்றால், மறுநாள் அம்மா ஈர உடையோடு தோட்டத்துக்குச் செல்ல வேண்டியதுதான்.

கடந்த மழைக்காலத்தில் அத்தொட்டி சில வேளை சுழன்றது; சில வேளை நின்றது. பழுது பார்க்க வந்தவர், "மோட்டார் போய்விட்டது தம்பி, மாற்றிவிடுவோம்" என்றார். புது மோட்டாரின் விலை அம்மாவுக்கு நான்கு நாள் கூலி. விடுமுறைக்கு வந்திருந்த நான், "அண்ணே, இரண்டு வாரம் பொறுங்கள்" என்று கேட்டுக்கொண்டேன்.

முதலில் இயந்திரத்தின் அமைப்பை அறிவோம். இரட்டைத் தொட்டி இயந்திரத்தில் பிழியும் தொட்டிக்கென்று தனி மோட்டார் உண்டு. சுவரிலிருந்து வரும் ஒற்றைக்கட்ட மின்சாரம் மட்டும் நின்றிருக்கும் மோட்டாரைச் சுழற்றத் தொடங்காது. அதன் காந்தப்புலம் ஒரே கோட்டில் முன்னும் பின்னும் அலையுமே தவிர, சுற்றி வராது. இதற்காக இரண்டாவது சுருள் ஒன்றை வைத்து, அதனோடு ஒரு மின்தேக்கியை இணைத்துள்ளனர். கடைக்காரர் இதனைக் கண்டென்சர் என்பர். இரண்டாம் சுருளின் மின்னோட்டத்தை இது முந்தச் செய்வதால், புலம் சுழலத் தொடங்குகிறது. மோட்டாரும் உடன் சுழல்கிறது. இவையன்றி, மூடி திறந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் விசையும், தொட்டியை நிறுத்தும் பிரேக்கும் உண்டு.

இனி ஆராய்ச்சி முறைக்கு வருவோம். ஆங்கில அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில், 1843ஆம் ஆண்டில் வெளியிட்ட தருக்க நூலில், காரணங்களைக் கண்டறிய ஐந்து முறைகளைக் கூறினார். ஒரு நிகழ்ச்சி நேரும் இடங்களில் எல்லாம் பொதுவாக இருப்பது எது? நேரும் இடத்துக்கும் நேராத இடத்துக்கும் வேறுபாடு எது? ஒன்று கூடக் குறைய, உடன் கூடிக் குறைவது எது? இவை அவற்றுட் சில. இவற்றுக்கு வேண்டிய கருவி ஒரு பழைய நோட்டுப் புத்தகமே.

ஒவ்வொரு முறையும் நேரம், துணியின் அளவு, மின்னழுத்தம், நின்றபோது கேட்ட ஒலி ஆகிய நான்கையும் எழுதினேன். இரண்டு வாரத்தில் 18 முறை துணி பிழிந்தோம். 11 முறை ஒழுங்காகச் சுழன்றது. 7 முறை நின்றது. ஆனால் அந்த ஏழும் ஒரே இனமல்ல. ஐந்தில் மோட்டார் உறுமியது, சுழலவில்லை. இரண்டில் ஒலியே இல்லை. மின்சாரம் மோட்டாரை எட்டியும் வலிமை போதாதபோது உறுமல் எழும். வழியிலேயே மின்சாரம் அறுந்தால் மௌனம். ஒரு நோய் என்று எண்ணியவை இரண்டு நோய்கள்!

உறுமிய ஐந்தும் மாலை வேளை. தொட்டி நிறையத் துணி. மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கும் அடுப்பும் எரிவதால், நீண்ட கம்பியின் கடைசியில் மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து 180 வரை இறங்கியது. இத்தகைய மோட்டாரின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். ஆகவே 180 வோல்ட்டில் எஞ்சுவது 61 சதவீதமே. அப்படியானால் குற்றவாளி மின்னழுத்தமா? அவசரப்படலாகாது. அதே கம்பியில், அதே மாலையில், அடுத்த வீட்டு இயந்திரம் நன்றாகச் சுழன்றது. எங்கள் இயந்திரத்திலும் ஏதோ ஒரு குறை இருந்தாக வேண்டும். நோட்டுப் புத்தகத்தைப் பழுது பார்ப்பவரிடம் காட்டினேன். படித்துப் பார்த்த அவர் மின்தேக்கியைக் கழற்றி அளந்தார். 5 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருந்தது, இருந்ததோ 3.2. காலையில் இக்குறையை நல்ல மின்னழுத்தம் ஈடு செய்தது. மாலையில் இரு குறைகளும் கைகோத்துக்கொண்டன.

மௌனமாக நின்ற இரண்டு முறையும் தொட்டி கடகடவென ஆடியபின்தான் நின்றது. இதற்கும் கணக்கு உண்டு. 12 சென்டிமீட்டர் ஆரத்தில் நிமிடத்துக்கு 1,350 சுற்றுச் சுழலும்போது, முடுக்கம் புவியீர்ப்பைப்போல் ஏறத்தாழ 245 மடங்கு. ஒரு பக்கம் 200 கிராம் துணி மிகுந்தாலும், 49 கிலோ எடைக்கு ஈடான விசை தொட்டியை இழுத்து ஆட்டும். அந்த ஆட்டத்தில், துருவேறியிருந்த மூடி விசையின் தகடுகள் பிரிந்தன. தகட்டைத் துடைத்து நிமிர்த்தினார். துணியைச் சமமாகப் பரப்பி வைத்தோம். மோட்டாரை மாற்றவில்லை. புதிய மின்தேக்கியின் விலை ஒரு நாள் கூலியில் சிறு பகுதிதான்.

இதனை முயல விரும்பும் நண்பர்களுக்குச் சில எச்சரிக்கைகள். திறக்குமுன் பிளக்கைப் பிடுங்குக. பிடுங்கிய பின்னும் மின்தேக்கியில் மின்சாரம் தங்கியிருக்கும். அதனை இறக்கப் பழகியவர் கையிலேயே விடுக. சுழலாத தொட்டியைக் கையால் தள்ளிப் பார்த்தல் கூடாது. பின்பக்கம் திறந்தபின், மேல்மூடி மூடியிருக்கையில் பிரேக் உருளை தடையின்றிச் சுழல்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுக. பிரேக் உராய்ந்தாலும் மோட்டார் உறுமும்.

நோயாளியின் தன்மை, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் கருதியே மருத்துவம் செய்ய வேண்டும் என்பது மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் வழி. அவற்றுள் காலத்தைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். 'சில வேளை' என்பது விடையன்று. அது ஒரு வினா. எவ்வேளை என்று கேட்டு எழுதி வைப்போமாயின், பாதிப் பழுது அப்போதே வெளிப்பட்டுவிடும். ஆய்வுக்கூடத்தில் நாம் கற்கும் இப்பழக்கம், கூலிப் பணத்தை எண்ணிச் செலவிடும் வீடுகளுக்கே மிகுதியும் தேவை. அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நண்பர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் உடன் கொண்டு செல்வார்களாக.