அட்டை சொல்வதும் சொல்லாததும்

சென்னையில் ஒரு புத்தகக் கடையில் ஆங்கில இளையோர் நாவல் அலமாரியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பதின்வயதினருக்கான ஃபேன்டஸியில் என்ன ஓடுகிறது என்று யாராவது கேட்டால், முதலில் அட்டைகளைக் காட்டுவேன். பதிப்பகம் யார் பையில் கண் வைத்திருக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

2005-ல் வந்த ‘ட்வைலைட்’ நாவலுக்குக் கறுப்புப் பின்னணி, ஏந்திய இரு கைகள், ஒரு சிவப்பு ஆப்பிள். கொஞ்ச காலத்தில் கறுப்பு அட்டைகள் பெருகின. 1847-ல் வெளிவந்த ‘வுதரிங் ஹைட்ஸ்’கூடத் தப்பவில்லை. ட்வைலைட் ஜோடிக்குப் பிடித்த புத்தகம் என்று சொல்லி, அதே கறுப்பு வேடத்தில் அதைக் கொண்டுவந்தார்கள். அதை எழுதிய எமிலி பிராண்டே என்ன நினைத்திருப்பாரோ!

ஆனால் படிப்பவரின் வயதை அட்டையை வைத்து முடிவு செய்யாதீர்கள். சாரா ஜே. மாஸின் ‘எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோஸஸ்’ 2015-ல் இளையோர் நாவலாகத்தான் வந்தது. 2020-ல் அட்டையை மாற்றிப் பெரியவர்கள் பிரிவுக்கு நகர்த்தினார்கள். உள்ளே இருக்கும் படுக்கையறைக் காட்சிகள் முதல் நாளிலிருந்தே இருப்பவை. 2023-ல் வந்த ‘ஃபோர்த் விங்’ பெரியவர்களுக்கான நாவல். நாயகிக்கு இருபது வயது. டிராகன், போர்ப் பள்ளி, ஓரங்களில் வண்ணம் பூசிய பக்கங்கள் என்று பார்த்ததும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டு வருகிறார்கள். “ஹாரி பாட்டர் மாதிரிதானே சார்?” என்று கேட்கும் அம்மாக்களிடம், நடுவில் நாலு பக்கம் நின்று படித்துவிட்டு வாங்குங்கள் என்பேன். ஒரு விற்பனை போனாலும் பரவாயில்லை.

இந்தியாவில் டிக்டாக் 2020 ஜூனிலேயே தடையாகிவிட்டது. அதனால் டிக்டாக்கில் புத்தகங்களைப் பற்றிப் பேசும் ‘புக்டாக்’ அலை இங்கே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வழியாக வந்து சேர்கிறது. வருகிற பிள்ளைகளுக்குச் சில சமயம் தலைப்பு நினைவிருக்காது, போனில் அட்டையைக் காட்டுவார்கள். தலைப்புகளும் ஒன்றுபோல இருப்பதால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

எழுத நினைக்கும் இளைஞர்களுக்கு ஒன்று. ஒப்பந்தம் போட்டு ஒரு நாவல் கடைக்கு வரப் பெரிய பதிப்பகங்களில் ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும். இன்று மேசையில் குவிந்திருப்பது அன்றைய ஆசை. அதைப் பார்த்து டிராகன் கதை எழுத உட்கார்ந்தால், உங்கள் டிராகன் வரும்போது வாசகர் வேறெங்கோ போயிருப்பார்.

கடைக்காரர்களுக்கு ஒரு விஷயம்: தொடர் நாவலின் அட்டை மாறினால் பழைய பிரதிகளை உடனே ரிட்டர்ன் போடாதீர்கள். 2023-ல் ‘த்ரோன் ஆஃப் கிளாஸ்’ வரிசைக்குப் புது அட்டை வந்தபின்னும், வீட்டு அலமாரியில் வரிசை கெட்டுவிடக் கூடாதென்று பழைய அட்டையில் ஐந்தாம் பாகம் தேடி வருபவர்கள் உண்டு. அவர்கள் தள்ளுபடி கேட்பதே இல்லை.