ஏற்றப் பாதையும் குதிகாலும்

அன்புள்ள தங்கைக்கு,

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலுள்ள ஹட்டனிலும், 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலும் ஓடப் பழகும் ஒருவருக்குச் சமதரை எளிதில் கிடைப்பதில்லை. லயத்திலிருந்து பாடசாலைக்கு இறங்கும் படிக்கட்டு முதல் தேயிலை மலைகளினூடே வளைந்து செல்லும் தோட்டத்துப் பாதை வரை யாவும் ஏற்றமாகவோ இறக்கமாகவோ அமைந்திருப்பதால், ஓடாத வேளையிலும் கால் சரிவிலேயே உழைத்துக்கொண்டிருக்கிறது. தேசிய மட்டத்தில் 10,000 மீற்றர் ஓட்டத்தில் பெயர்பெற்ற குமார் சண்முகேஸ்வரன் இம்மலையகத்தவரே என்பதை எண்ணிப் பார்த்தால், சரிவைப் பகையாகக் கருத வேண்டியதில்லை என்பது விளங்கும். ஆயினும் அதே சரிவு கெண்டைக்காலின் மீது சுமத்தும் பாரத்தை அறியாமல் ஓடுபவருக்கு, அதன் விளைவு பெரும்பாலும் குதிகாலில்தான் வந்து நிற்கிறது.

கெண்டைக்காலில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தசைகள் உள்ளன. மேலேயிருப்பது முழங்காலுக்கு மேற்புறத்தில் தொடங்கும் புறக்கெண்டைத் தசை. அதற்கு அடியில் தட்டையாகப் படர்ந்திருப்பது முழங்காலுக்குக் கீழே தொடங்கும் உட்கெண்டைத் தசை. இவ்விரண்டும் கீழே ஒன்றுசேர்ந்து, குதிநாண் எனப்படும் தடித்த நாணாகிக் குதிகால் எலும்பின் பின்புறத்தைப் பற்றிக்கொள்கின்றன. அதே எலும்பின் அடிப்புறத்திலிருந்து உள்ளங்கால் திசுப்பட்டை என்னும் உறுதியான பட்டை புறப்பட்டு விரல்கள் வரை செல்கிறது. விரல்கள் மேல்நோக்கி மடியும்போது இப்பட்டை இறுகிப் பாதத்தின் வளைவை உயர்த்துகிறது என்பதை 1954இல் ஜோன் ஹிக்ஸ் என்னும் ஆய்வாளர் விளக்கிக் காட்டினார். குதிகால் எலும்பு இவ்வாறு பின்னிருந்து நாணாலும் அடியிலிருந்து பட்டையாலும் இழுக்கப்படுவதால், கெண்டைத் தசை இறுகியோ வலுக்குறைந்தோ இருக்கும்போது அதன் சுமை இவ்விரண்டின் மீதும் விழுகிறது. ஓடும்போது குதிநாண் தாங்கும் விசை உடல் எடையின் 6 மடங்கையும் எட்டக்கூடியது என்பதையும், ஏற்றத்தில் கணுக்கால் மேலும் மடிவதால் நாண் அதிகமாக நீள நேர்கிறது என்பதையும் சேர்த்து நோக்கினால், மேட்டில் ஓடிய மறுநாள் குதிகால் ஏன் நோகிறது என்பது தெளிவாகும்.

வலி எங்கே உள்ளது என்பதைக் கொண்டே சிகிச்சை மாறுபடுகிறது. காலையில் படுக்கையிலிருந்து இறங்கிக் குளிர்ந்த சிமெந்துத் தரையில் வைக்கும் முதல் அடியில், குதிகாலின் அடியில் உட்பக்கமாகக் குத்தி, சிறிது நடந்தபின் தணியும் வலி பெரும்பாலும் திசுப்பட்டைக்கு உரியது. உறக்கத்தில் பாதம் கீழ்நோக்கி நீண்டு கிடப்பதால் சுருங்கிய பட்டை, எழுந்தவுடன் திடீரென நீட்டப்படுவதே அதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. குதிகாலின் பின்புறத்தில், எலும்புக்குச் சில சென்ரிமீற்றர் மேலே, விரல்களால் கிள்ளிப் பார்த்தால் நோகும் வலி நாணின் நடுப்பகுதிக்கு உரியது. நாண் எலும்பைப் பற்றும் இடத்திலேயே நோவது தனி வகை. எக்ஸ்ரே படத்தில் தென்படும் குதிகால் முள்ளைக் கண்டு பலர் அஞ்சுகின்றனர். வலியே இல்லாத பலருக்கும் அம்முள் இருப்பதால், அதனையே நோயின் மூலமாகக் கொள்வது பொருந்தாது.

இளையோருக்கு இவற்றுக்கும் முன்னதாக ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 8 முதல் 14 வயது வரை குதிகால் எலும்பின் பின்புறத்தில் வளர்ச்சித் தகடு என்னும் மென்மையான பகுதி இன்னும் முற்றாக இறுகாமல் இருக்க, எலும்பு வேகமாக நீளும் அக்காலத்தில் தசை அதற்கேற்ப நீளாமல் பின்தங்குவதால், நாண் அத்தகட்டை இழுத்து நோகச் செய்கிறது. 1912இல் ஜேம்ஸ் சீவர் என்னும் அமெரிக்க மருத்துவர் விவரித்ததால் இது சீவர் நோய் எனப்படுகிறது. குதிகாலின் இரு பக்கங்களையும் உள்ளங்கையால் அழுத்தினால் நோவது இதன் அடையாளம். வளர்ச்சி முடிந்ததும் தானாகவே நீங்கிவிடும் என்பதால், அதுவரை ஓட்டத்தைக் குறைத்தலும் சப்பாத்தினுள் குதிகாலுக்கு மெத்தை வைத்தலும் போதுமானவை. உன்னைவிட இளைய வகுப்பு மாணவிகள் இவ்வாறு நொண்டினால், சோம்பல் என்று எண்ணி அவர்களை ஓட வைப்பது தவறாகும்.

கெண்டைத் தசையின் இறுக்கத்தை வீட்டுச் சுவரைக் கொண்டே அறியலாம். சுவரை நோக்கி நின்று, பெருவிரலைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வைத்து, குதிகால் தரையைவிட்டு எழாமல் முழங்காலை மடக்கிச் சுவரைத் தொட முயல வேண்டும். தொடமுடிந்தால் பாதத்தைச் சிறிது சிறிதாகப் பின்தள்ளி, தொடக்கூடிய அதிகபட்சத் தூரத்தை அளவுகோலால் குறித்துக்கொள்ள வேண்டும். இரு கால்களுக்கும் இடையிலான வேறுபாடே இங்கு பொருட்படுத்தத்தக்கது. நோகும் கால் கணிசமாகக் குறைந்திருப்பின் அது கணுக்காலின் இறுக்கத்தைக் காட்டுகிறது.

எண்ணெய் தேய்த்து உருவுவதும் தசையை நீட்டுவதும் ஆறுதல் தருவன. இவற்றுள் திசுப்பட்டையை நீட்டும் பயிற்சிக்கு நல்ல சான்று உண்டு. 2003இல் வெளியான டிஜியோவானி குழுவினரின் ஆய்வில் பயன்படுத்தப்பட்ட முறைப்படி, நோகும் காலை மற்ற முழங்காலின் மேல் இட்டு, விரல்களைக் கையால் பின்னோக்கி மடக்கி 10 விநாடி பிடித்து, அதனை 10 முறை செய்ய வேண்டும். நாளுக்கு மூன்று தடவை செய்யப்படும் இதனை, காலையில் முதல் அடி வைப்பதற்கு முன்பே ஒரு தடவை முடித்துவிட வேண்டும். எனினும் நீட்டுதல் மட்டும் தசைக்கு வலுவைத் தருவதில்லை. மேட்டில் ஓடும் கால் பாரத்தைத் தாங்கும் ஆற்றலைப் பெறும்வரை வலி திரும்பத் திரும்ப வரும் என்பதால், மருந்தின் பெரும்பகுதி வலுவூட்டலிலேயே உள்ளது.

இதற்கு லயத்து வாசற்படி ஒன்றே போதும். 1998இல் ஸ்வீடனில் ஹோகன் அல்பிரெட்சன் வெளியிட்ட ஆய்வில், நாணின் நடுப்பகுதியில் வலியுற்ற ஓட்டவீரர்கள் படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, நோகும் காலின் குதிகாலை மெல்லக் கீழே தாழ்த்தி, மற்றக் காலின் துணையால் மேலெழும் பயிற்சியை 15 முறை வீதம் மூன்று சுற்றுகளாக, முழங்காலை நீட்டி ஒருதரமும் சற்று மடக்கி ஒருதரமும், நாளுக்கு இரு வேளை 12 வாரங்கள் செய்தனர். அவர்கள் ஓட்டத்துக்குத் திரும்பினர். முழங்கால் நீண்டிருக்கையில் மேலே உள்ள தசையும், மடங்கியிருக்கையில் உட்கெண்டைத் தசையும் கூடுதலாக உழைப்பதே இரு முறைக்கும் காரணம். நாண் எலும்பைப் பற்றும் இடத்தில் வலி உள்ளவர் படிக்குக் கீழே குதிகாலைத் தாழ்த்தாமல் சமதரையிலேயே செய்ய வேண்டும்; தாழ்த்தினால் நாண் எலும்போடு நசுங்கும். திசுப்பட்டை வலிக்கு, விரல்களின் கீழ் சுருட்டிய துவாலையை வைத்து, 3 விநாடியில் உயர்ந்து, 2 விநாடி நின்று, 3 விநாடியில் இறங்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யும் முறையை டென்மார்க்கின் ராத்லெப் குழுவினர் ஆராய்ந்தனர்; நீட்டும் பயிற்சியைவிட இது மூன்று மாதத்தில் கூடுதல் பலன் தந்தது, ஓராண்டின் முடிவில் இரண்டும் ஏறத்தாழ ஒத்திருந்தன. மழைக்காலத்தில் வாசற்படியில் பாசி படிந்திருக்கும் என்பதால், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு செய்வது கட்டாயம்.

ஓட்டத்தை முற்றாக நிறுத்தத் தேவையில்லை என்பது சில்பர்நாகல் குழுவினர் 2007இல் காட்டிய முடிவு. வலியைப் பத்துக்கு மதிப்பிட்டால், ஐந்துக்கு மேற்படாத வலியோடு ஓடலாம். ஆனால் மறுநாள் காலை அது தணிந்திருக்க வேண்டும், தணியவில்லையெனில் அடுத்த ஓட்டம் குறைக்கப்பட வேண்டும். வலி நீங்கும்வரை ஹட்டன் டன்பார் மைதானம் போன்ற சமதரையே உகந்தது. குதிப்பகுதி உயர்வற்ற ஸ்பைக் சப்பாத்துகள் நாணை மேலும் நீட்டுவதால், அவற்றைப் போட்டி நாளுக்கு ஒதுக்கிவைத்துப் பயிற்சிக்குச் சாதாரண ஓட்டச் சப்பாத்தை அணிவது நல்லது.

இரவில் ஓய்விலும் நோவது, குதிகால் வீங்குவது, காய்ச்சல் காண்பது, கால் மரத்துப்போவது, பின்னங்காலில் சட்டென ஏதோ அறுந்தாற்போல் உணர்வது ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையிலோ நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ வைத்தியரைக் காண வேண்டும். மாதவிடாய் பல மாதங்கள் நின்றுபோன மாணவிக்குக் குதிகால் எலும்பிலேயே நுண்வெடிப்பு நேரும் ஆபத்து உண்டு; பயிற்சிக்கு ஏற்ற அளவு உண்ணாமையே அதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பதால், வெட்கப்படாமல் தாயிடமும் வைத்தியரிடமும் சொல்லிவிட வேண்டும். வெறும் தேநீரும் ரொட்டியும் ஓடும் பெண்ணின் உடலுக்குப் போதா. பருப்பு, முட்டை, நெத்தலி, கீரை ஆகியன அன்றாடம் வேண்டும்.

நோகும் காலை மட்டும் ஊன்றிக் குதியை 20 முதல் 25 முறை வரை தடையின்றி உயர்த்த முடிந்து, சமதரையில் வழக்கமான தூரம் வலியின்றி ஓடப்பட்ட பின்னரே ஏற்றத்துக்குத் திரும்ப வேண்டும். முதலில் வாரத்தில் ஒருநாள், குறுகிய மேடாகத் தேர்ந்தெடுத்து, ஏறும்போது மெதுவாக ஓடி இறங்கும்போது நடந்து வர வேண்டும். மறுநாள் காலை முதல் அடியில் வலி கூடவில்லையெனில் அடுத்த வாரம் ஒரு சுற்றைக் கூட்டலாம்.

அன்புடன்,
அக்கா