நிர்வாகப் பொறுப்பும் ஓர் அமானிதமே



பள்ளிவாசல், மதரஸா, அறக்கட்டளை எதுவானாலும் பொறுப்புக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் நிர்வாகம் படித்துவிட்டு வருவதில்லை. கடை வைத்திருப்பவர், ஆசிரியர், வெளிநாட்டில் உழைத்துத் திரும்பியவர் எனப் பலரும் நல்ல நிய்யத்தோடு வருகிறார்கள். ஆனால் நிய்யத் மட்டும் போதாது. ஏழை மாணவிக்கான உதவித்தொகை, கல்லூரியில் கட்டணம் கட்டும் நாள் கடந்த பிறகு அவள் கைக்குப் போனால் நம் கணக்குப் புத்தகம் சரியாக இருக்கும். அவள் படிப்பு நின்றிருக்கும். ஆகவே நிர்வாகத்தைக் கற்பது எப்படி என்று இந்த இதழில் பார்ப்போம்.

1907இல் இங்கிலாந்தில் பிறந்த ரெஜ் ரெவன்ஸ் இயற்பியல் படித்தவர். 1940களில் பிரிட்டனின் நிலக்கரித் துறையில் பயிற்சிப் பொறுப்பில் இருந்தார். சுரங்க மேலாளர்களை வகுப்பில் உட்காரவைத்துப் பாடம் நடத்துவதைவிட, சிறு குழுவாகக் கூட்டி, அவரவர் சுரங்கத்தின் சிக்கலை ஒருவருக்கொருவர் சொல்லவும் கேட்கவும் வைப்பதே பலன் தரும் என்றார். ஏட்டறிவோடு, சரியான கேள்வியும் சேர்ந்தால்தான் அது கற்றல் என்பது அவர் கொள்கை. நம் அரசுப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் என்பது பிள்ளைகளுக்கானது; இதுவோ பொறுப்பில் இருக்கும் பெரியவர்களுக்கானது.

நம் மாநிலத்திலேயே இதற்கு நெருக்கமான உதாரணம் உண்டு. டாக்டர் கோ. வெங்கடசாமி பணி ஓய்வுக்குப் பின், 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992இல் அங்கு ஒரு பயிற்சி நிறுவனமும் உருவானது. பிற ஊர்களின் கண் மருத்துவமனைகளிலிருந்து மருத்துவரும் நிர்வாகியும் ஒரே குழுவாக அங்கு வருகிறார்கள். வேலை நடப்பதை நேரில் பார்த்து, தங்கள் மருத்துவமனைக்கான திட்டத்தைத் தாங்களே எழுதி எடுத்துச் செல்கிறார்கள். அது நடந்ததா என்று பிறகு பார்க்கப்படுகிறது.

டாக்டர் வெங்கடசாமி நாட்குறிப்பில் தம்மைத் தாமே கேள்வி கேட்டு எழுதிவந்தவர். நமக்கு இது புதிதல்ல. இமாம் கஸ்ஸாலி தமது இஹ்யாவில் முஹாஸபாவுக்கு, அதாவது தன்னைத்தானே கணக்குக் கேட்பதற்கு, தனிப் பகுதியே ஒதுக்கியிருக்கிறார். வணிகர் அன்றாடம் வரவு செலவு பார்ப்பது போல, பொறுப்பாளர் தன் கோபத்தையும், புகழ் ஆசையையும், தாமதத்தையும் பார்க்க வேண்டும். காரியம் தடைபடுவதற்குப் பல நேரம் பணமோ ஆளோ காரணமல்ல. "என்னைக் கேட்காமல் எப்படிச் செய்யலாம்" என்ற நஃப்ஸே காரணம்.

இதை எந்த ஜமாஅத்திலும் செய்யலாம். ஐந்தாறு பேர் மாதம் ஒருமுறை உட்காருங்கள். ஒருவர் தம் பொறுப்பில் உள்ள ஒரே ஒரு சிக்கலைச் சொல்லட்டும். மற்றவர்கள் ஆலோசனையை அவசரமாகக் கொட்டாமல் கேள்வி மட்டும் கேட்கட்டும். உதவித்தொகை தாமதமானால், "விண்ணப்பம் யார் கையில் எத்தனை நாள் இருந்தது? கையெழுத்திட வேண்டியவர் ஊரில் இல்லாதபோது யார் பொறுப்பு? அந்தப் பிள்ளையிடம் யாராவது பேசினீர்களா? இதில் உங்கள் பங்கு என்ன?" என்று கேட்கலாம். கடைசியில் அவரே ஒரு முடிவெடுத்து நாளும் குறித்துக்கொள்ளட்டும். அடுத்த மாதம் முதல் வேலை, அது நடந்ததா என்று கேட்பது. அங்கே பேசியது அங்கேயே நிற்க வேண்டும். டீக்கடைக்குப் போனால் அடுத்த முறை யாரும் உண்மை பேசமாட்டார்கள்.

இளைஞர்களையும் இதில் உட்காரவையுங்கள். நாளை சாவியும் கணக்கும் அவர்கள் கைக்குத்தான் போகும். கேள்வி கேட்கும் பழக்கமும் சேர்ந்து போகட்டும். அனந்தபுரத்திலும் செஞ்சி வட்டாரத்திலும் பொறுப்பில் இருக்கும் ஒவ்வொருவரும், அடுத்த கூட்டத்திற்கு வரும்போது தம் வேலையில் உள்ள ஒரு சிக்கலை ஒரு தாளில் எழுதிவருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

நம் பொறுப்புகளை நேர்மையாக நிறைவேற்ற அல்லாஹ் அருள் புரிவானாக. ஆமீன்.